வரிசை மாறினால் சுவை போகும்
பெண் துப்பறிவாளர் நாயகியாக வரும் தொடர் நாவல்களை "எந்தப் பாகத்திலிருந்தும் ஆரம்பிக்கலாம்" என்கிறது ஒரு கட்டுரை. வழக்குக்கு அது சரி, நாயகிக்குச் சரியில்லை. கொலையாளி யாரென்பது அந்தந்தப் பாகத்தோடு முடிந்துவிடும். ஆனால் அவளுடைய கூட்டாளி துரோகம் செய்ததும் வேலை பறிபோனதும் அடுத்த பாகத்தின் தொடக்கத்திலேயே போகிறபோக்கில் தெரிந்துவிடும். வெளியான வரிசையிலேயே படியுங்கள். ஆனால் வெளியான ஆண்டையே கதையின் காலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டனின், கின்சி மில்ஹோன் என்ற பெண் துப்பறிவாளர் வரும் நாவல்கள் 1982 முதல் 2017 வரை 25 வந்தன, கின்சியோ 1980களைத் தாண்டவேயில்லை.

குட்டி அத்தியாயங்களின் ஓட்டத்தில் நழுவுவது பெயரல்ல, நேரம். இறந்தவரை யார் எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று துண்டுச்சீட்டில் குறித்தாலே போதும். நாயகிக்குத் திடீரென ஏதோ உறைத்து எழுந்து ஓடுகிறாளா? அங்கே நிறுத்தி, முந்தைய இரண்டு விசாரணைகளைப் புரட்டுங்கள். துப்பு பெரும்பாலும் அங்கேதான், ஏதோ வெட்டிப் பேச்சுக்கு நடுவே.