மாத்திரை போட்டால் சன்ஸ்கிரீன் வேண்டாமா?

"தினம் ஒரு மாத்திரை போதும், சன்ஸ்கிரீனே தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. இப்படிச் சொல்லி மாத்திரை விற்ற நிறுவனங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 மே மாதமே எச்சரித்தது. சன்ஸ்கிரீனுக்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை என்றும் அறிவித்தது.

செய்தி சான்றாகக் காட்டும் நிகோட்டினமைடு, வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு நல்ல ஆய்வுதான்: 386 பேர், 500 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை, ஓராண்டு. மெலனோமா (தோல் புற்றில் மிக ஆபத்தான வகை) அல்லாத புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. ஆனால் பங்கேற்ற அனைவருக்கும் முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது இரண்டு புற்றுகளாவது வந்திருந்தன. மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றது. வெயிலில் தோல் கருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்குப் பதிலாக நியாசின் வாங்கிவிடாதீர்கள். அதுவும் பி3தான், ஆனால் முகம் சிவந்து எரியும்.

இன்னொரு மாத்திரை பற்றியும் எச்சரிக்கை: கேரட்டில் உள்ள நிறமியான பீட்டா கரோட்டின் மாத்திரையைப் புகைப்பவர்கள் தொடவே கூடாது. ஃபின்லாந்தில் தினம் 20 மில்லிகிராம் எடுத்த புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது.

எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பு. பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் அதற்கும் முன்பே. பட்டாணி அளவு பூசினால் உறையில் எழுதிய பாதுகாப்பு கிடைக்காது.