கூகுள் ஸ்காலரில் இருந்தாலே சரிபார்த்த கட்டுரையா?

"கூகுள் ஸ்காலரில் வந்துவிட்டாலே அது வல்லுநர்கள் சரிபார்த்த கட்டுரைதான், இனி நூலகம் எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி அந்தத் தவறின் மேல் கட்டியது.

2004இல் தொடங்கிய கூகுள் ஸ்காலர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் ஒரு தேடுபொறி, அவ்வளவுதான். அங்கே யாரும் உட்கார்ந்து தரம் பார்ப்பதில்லை. ஆய்வுக் கட்டுரையின் தோற்றம் இருந்தால் கணினி நிரல் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆய்வேடுகளும், காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆர்க்சைவ் (arXiv) தளத்தின் முன்பதிப்புகளும், அதாவது வல்லுநர்கள் சரிபார்க்கும் முன்பே ஆசிரியர்கள் பொதுவில் போடும் வடிவங்களும், அப்படித்தான். ஒருமுறை முன்பதிப்பிலிருந்த அட்டவணையை அப்படியே எடுத்தாண்டுவிட்டேன். இதழில் வந்த இறுதி வடிவத்தில் இரண்டு எண்கள் மாறியிருந்தன. நெறியாளர் கேட்டபோது விழித்தேன்.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கையும் நற்சான்றிதழ் அல்ல. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மேற்கோள் காட்டியவர்களில் பலர் மறுப்பதற்காகவே காட்டினார்கள். எண்ணிக்கை மட்டும் ஏறியது.

நூலகம் என்றால் தூசி படிந்த அலமாரி என்று நினைக்க வேண்டாம். பணம் கேட்டு வழிமறிக்கும் கட்டுரைகள் பலவற்றுக்குக் கல்லூரி நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும். ஸ்காலரின் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற பகுதியில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி பல இடங்களில் உண்டு.