வேலையும் செய்து, அதற்கு ஃபீஸும் கட்டி

அக்கா பெண் இந்த வசந்தகால செமஸ்டர் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தாள். படிப்பது கலிஃபோர்னியாவில், அரசியல் அறிவியல். நாங்கள் இருப்பது வாஷிங்டனுக்குப் பக்கத்தில், ராக்வில்லில். ஒரு செமஸ்டரைத் தலைநகரில் கழிக்கும் ஏற்பாடு அவள் பல்கலைக்கழகத்தில் உண்டு. பகலில் இன்டர்ன்ஷிப் என்கிற பயிற்சி வேலை, வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு, கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இதெல்லாம் அங்கே பழைய வழக்கம்தான். அமெரிக்கன் யுனிவர்சிட்டி 1947லேயே இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது.

படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். நாடாளுமன்ற மேலவையான செனட்டின் கமிட்டி விசாரணை நடக்கும்போது பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். உச்ச நீதிமன்ற வாதத்தையும் வரிசையில் நின்றால் நேரில் கேட்கலாம். பதினாறு வயது நிரம்பிய எவருக்கும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நூலகம் இலவசமாக வாசகர் அட்டை தருகிறது. அவள் கட்டுரைக்கு வேண்டிய பழைய விசாரணைப் பதிவுகளை அங்கேதான் தேடிப் பிடித்தாள். ஒரு மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் கமிட்டியிலேயே எப்படிச் செத்துப்போகிறது என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எனக்கு விளக்கினாள் பாருங்கள், இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது.

என் கோபம் வேறு. அவள் வேலை பார்த்தது டூபாண்ட் சர்க்கிள் பக்கம், லாப நோக்கில்லாத ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில். விசாரணைகளுக்குப் போய்க் குறிப்பெடுப்பது, அறிக்கைக்குத் தரவு திரட்டுவது, தொலைபேசி எடுப்பது என்று முழுநேர ஊழியர் செய்கிற வேலைதான். சம்பளம் ஒரு டாலர்கூடக் கிடையாது. அதே நேரத்தில் பல்கலைக்கழகத்துக்கு முழு செமஸ்டர் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. அந்த இன்டர்ன்ஷிப்புக்கும் கிரெடிட், அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் புள்ளி, உண்டு, கிரெடிட்டுக்குக் காசு உண்டு. ஆக, வேலை செய்ய இவள் பணம் கொடுத்திருக்கிறாள்!

சட்டப்படி இதில் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. தனியார் கம்பெனி என்றால், இன்டர்ன்ஷிப்பால் அதிகம் பயனடைவது மாணவரா முதலாளியா என்று பார்க்கிறார்கள்; மாணவர்தான் என்றால் சம்பளம் தர வேண்டியதில்லை. 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன இந்த அளவுகோலைத் தொழிலாளர் துறை 2018இல் எடுத்துக்கொண்டது. படிப்போடு கிரெடிட் சேர்ந்திருந்தால் சம்பளம் தராத முதலாளிக்குத்தான் அது சாதகம். லாப நோக்கில்லாத இடங்களில் தன்னார்வலர் என்று சொல்லிவிட்டாலே பெரும்பாலும் போதும். காங்கிரஸ் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. 1995இல் ஊதியச் சட்டங்களைத் தனக்கும் பொருத்திக்கொண்டபோது, இன்டர்ன்களை மட்டும் கவனமாக விட்டுவிட்டது.

அப்புறம் கொஞ்சம் மாறியது, மறுக்கவில்லை. ‘பே அவர் இன்டர்ன்ஸ்’ போன்ற அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. 2018இல் இரு அவைகளும் இன்டர்ன் சம்பளத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கின. வெள்ளை மாளிகை 2022இல்தான் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை எத்தனை தலைமுறை அங்கே இலவசமாக வேலை பார்த்திருக்கும்!

“அனுபவம் கிடைக்குதே, அது போதாதா?” என்கிறார் அத்தான். சரி, ஆனால் அந்த அனுபவம் யாருக்குக் கிடைக்கிறது? ராக்வில்லில் சித்தி வீடு இருப்பவளுக்கு. ரெட் லைன் மெட்ரோ ரயிலில் ஏறினால் டூபாண்ட் சர்க்கிளில் இறங்கலாம், ராத்திரி வந்தால் சுடச்சுட ரசம். இவள் வகுப்பில் படித்த இன்னொரு பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. பகல் முழுக்க இன்டர்ன்ஷிப், வகுப்பில்லாத மாலைகளிலும் சனி ஞாயிறிலும் ஓட்டலில் பரிமாறும் வேலை. பாதி நாள் வகுப்பில் தூங்கி வழிவாளாம். நாளைக்குச் செனட் அலுவலகத்தில் ஊழியராக உட்காரப்போவது இந்த இருவரில் யார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். சட்டங்களை எழுதிக் கொடுப்பதே அந்த ஊழியர்கள்தான்.

நிறுவனத்தைவிடப் பல்கலைக்கழகத்தின் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். பகலெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது வேறொருவர், கட்டணம் வாங்கிக்கொண்டது இவர்கள். இன்டர்ன்ஷிப் கிரெடிட்டுக்கு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, சம்பளம் இல்லாத இடத்துக்குப் போகிற மாணவருக்கு உதவித்தொகையாகத் திருப்பிக் கொடுத்தால் என்ன? அதுவும் முடியாதென்றால், சம்பளம் தராத இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடட்டும்.

அக்காவின் சின்னப் பெண்ணும் இன்னும் இரண்டு வருடத்தில் இதே செமஸ்டருக்கு வரவேண்டும் என்கிறாள். தாராளமாக வரட்டும். சம்பளம் உண்டா, ரயில் செலவு தருவார்களா, இருக்கிற ஸ்காலர்ஷிப் இந்த செமஸ்டருக்கும் செல்லுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்படிக் கேட்டால் இடம் தர மாட்டார்களோ என்று அக்காவுக்குப் பயம்.