26 கையெழுத்து போட்டால் பெரிய ஆளா?

காசிமேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற அண்ணன் போனில் ஒரு வீடியோ காட்டினார். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற கையோடு 26 நிர்வாக ஆணைகளில் (நாடாளுமன்றத்துக்குப் போகாமல் அதிபரே போடும் உத்தரவு) கையெழுத்து போட்டாரே, அது. தடியான மார்க்கரில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறார். "பாத்தியா தம்பி, தலைவன்னா இன்னா வேகம்!"

எனக்கு இந்தக் கணக்கே ஒத்துவரவில்லை. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் ஒபாமா, நாடாளுமன்ற மேலவையான செனட் பக்கமே போகாமல் தன் அதிகாரத்தில் நாட்டைச் சேர்த்தார், டிரம்ப் வந்து விலக்கினார், 2021-ல் பைடன் பதவியேற்ற அன்றே சேரக் கையெழுத்து போட்டார், 2025-ல் டிரம்ப் பதவியேற்ற அன்றே விலகக் கையெழுத்து போட்டார். எங்கள் தெரு ரோடு மாதிரிதான். தார் காயும் முன்னே கேபிளுக்கு ஒருத்தர் தோண்டுவார், மூடினால் வடிகாலுக்கு இன்னொருத்தர். வேலை என்னவோ நடந்துகொண்டேதான் இருக்கிறது, ஆட்டோ மட்டும் உள்ளே வராது.

நாடாளுமன்றம் வழியாகப் போனால் வேறு கதை. 1964-ல் அதிபர் ஜான்சன் நிறவேறுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது அவர் கட்சியின் தென்மாநில ஆட்களே செனட்டில் வாரக்கணக்கில் பேசிப் பேசி இழுத்தடித்தார்கள். எதிர்க்கட்சி ஓட்டையும் சேர்த்துத்தான் நிறைவேற்ற முடிந்தது. வீடியோ எடுக்க அதில் ஒன்றும் இல்லை. சட்டம் இன்னும் நிற்கிறது.

அதற்காக ஆணையே தப்பு என்றும் சொல்லமாட்டேன். 1948-ல் ராணுவத்தில் நிறவேறுபாடு கூடாது என்று அன்றைய அதிபர் ட்ரூமன் போட்டது ஆணைதான், அது நின்றது, படைக்குத் தலைமைத் தளபதி அவர்தானே. அதே ட்ரூமன் 1952-ல், கொரியப் போர் நேரத்தில் ஸ்டிரைக் வருகிறது என்று எஃகு ஆலைகளை அரசு வசம் எடுத்தபோது உச்ச நீதிமன்றம் 6-3 என்று ரத்து செய்துவிட்டது. அப்படி எடுக்கும் அதிகாரம் வேண்டாமென்று நாடாளுமன்றம் 1947-லேயே தள்ளியிருந்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஜாக்சன் மூன்றாகப் பிரித்தார்: நாடாளுமன்றம் கூட நிற்கும்போது செய்வது, அது பேசாமல் இருக்கும்போது செய்வது, வேண்டாமென்ற பிறகும் செய்வது. மூன்றாவதில்தான் அதிபரின் பலம் ஆகக் குறைவு. ஒருவர் எந்த இடத்தில் நின்று கையெழுத்து போடுகிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அண்ணன் எல்லாம் கேட்டார். அவர் மச்சானுக்கு இறால் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து நம் சரக்குக்கு அமெரிக்கா 50% வரி போட்டபோது ஷிப்ட் குறைந்துவிட்டதாம்.

"வரி போடுறது யாரு வேலை தம்பி?"

"அவங்க அரசமைப்புப்படி நாடாளுமன்றத்தோடது. டிரம்ப் 1977-ல வந்த அவசர நிலைச் சட்டத்தைக் காட்டிப் போட்டாரு. அதுல வரிங்கிற வார்த்தையே இல்ல."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு டீ சொன்னார்.