கணிதத்தைக் கடைசிப் பாடத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரி எனப்படும் ஈராண்டு அரசுக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் கணிதம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதல் செமஸ்டரிலேயே கணிதத்தைத் தொடங்கிவிடுங்கள். பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டுப் பிறகு நிதானமாகக் கணிதத்துக்கு வரலாம் என்று என் மகளுக்கு அவளுடைய கல்லூரி ஆலோசகர் சொன்னார். வரலாறு, ஆங்கிலக் கட்டுரை, உளவியல் என்று முதல் ஆண்டு முழுவதும் போயிற்று. மதிப்பெண்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அந்த ஓர் அறிவுரையால் இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டாக நீண்டது.

காரணம் எளிது. பொதுப் பாடங்களில் பெரும்பாலானவற்றை எதற்கு அடுத்து எதை வேண்டுமானாலும் படிக்கலாம். கணிதத்தில் அது நடக்காது. நுண்கணிதம் ஒன்றை முடிக்காமல் இரண்டுக்குப் போக முடியாது. இரண்டை முடிக்காமல் பல மாறிகளைக் கையாளும் மூன்றாம் பாடத்துக்குப் போக முடியாது. நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இவற்றின் தோளில்தான் நிற்கின்றன. முதல் செமஸ்டரில் நுண்கணிதம் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் மீதமிருப்பவை என்று வைத்தால்கூட நான்கு செமஸ்டரும் நிரம்பிவிடுகின்றன. நுண்கணிதத்துக்கு முந்தைய ஆயத்தப் பாடத்திலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு ஐந்து கட்டங்கள் ஆகும் என்பதால், கோடை வகுப்பில் ஒன்றை முடித்தால்தான் கணக்கு சரியாகும். பல கல்லூரிகளில் நுண்கணிதம் இரண்டை முடித்ததுமே நேரியல் இயற்கணிதத்தை எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கடைசி செமஸ்டரின் சுமை குறையும். சிறிய கல்லூரிகளில் இந்த மேல்நிலைப் பாடங்களுக்கு ஒரே ஒரு வகுப்புதான் இருக்கும், அதுவும் எல்லா செமஸ்டரிலும் நடக்காது. ஆகவே சென்ற இரண்டு ஆண்டுகளின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. யூ.சி. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் இலையுதிர் பருவத்தில் சேர விரும்புவோர் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, நவம்பர் இறுதிவாக்கில் விண்ணப்பித்துவிட வேண்டும். அதாவது இரண்டாம் ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்கும் பிள்ளையின் கையில் முதல் ஆண்டின் மதிப்பெண்கள் மட்டுமே இருக்கும். கணிதத் துறையில் இடம் கேட்கிற விண்ணப்பத்தில் கணித மதிப்பெண் ஒன்றுகூட இல்லாமல் என் மகள் நின்றாள். அதனால்தான் விண்ணப்பத்தையே ஓராண்டு தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

இந்த வழியைத் தாழ்வாக நினைக்கும் நம்மவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே இந்த வழிக்கு உரிய இடம் கொடுக்கப்பட்டது. பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு, மாநிலத்தில் வசிப்போருக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுகளுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்தான் கட்டணம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல்கலைக்கழகத்துக்கு இடமாற்றம் பெறுவதற்கென்றே வகுத்த அசோசியேட் என்ற ஈராண்டுப் பட்டத்தை முடித்தவருக்கு, கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் என்ற மற்றோர் அமைப்பில் இடம் உறுதி. ஆனால் விரும்பிய வளாகம் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. யூ.சி. அமைப்பில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளோடு முன்கூட்டியே இட உறுதி தருகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே, செப்டம்பர் மாதத்துக்குள் அதற்கென விண்ணப்பிக்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களில் அந்த ஏற்பாடு இல்லை.

எனவே திட்டத்தைப் பின்னிருந்து போடுங்கள். மனத்தில் இருக்கும் இரண்டு மூன்று வளாகங்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் கல்லூரியின் எந்தப் பாடத்தை அந்த வளாகத்தின் கணிதத் துறை எதற்கு ஈடாக ஏற்கிறது என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பாருங்கள். ஒரு வளாகம் கேட்பதை இன்னொன்று கேட்காது. நிரல் எழுதும் பாடம் ஒன்றைக் கேட்கும் இடமும் உண்டு. கணித வரிசையை முதலில் எழுதி, மீதமுள்ள இடங்களில் பொதுப் பாடங்களைச் செமஸ்டருக்கு இரண்டு மூன்றாக நிரப்புங்கள். நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து ஒரே தாளில் எழுதிய பிறகே ஆலோசகரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துக் கொடுத்துவிட்டது. இங்கே அந்தப் பொறுப்பு பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இருக்கிறது என்பதை நான் காலம் கடந்துதான் உணர்ந்தேன்.

விருப்பப் பாடமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், நிரூபணம் எழுதப் பழக்கும் தனிநிலைக் கணிதத்தை (டிஸ்க்ரீட் மேத்) எடுக்கச் சொல்வேன். நுண்கணித வகுப்புகளில் பெரும்பாலும் விடை காண்பதுதான் வேலை. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் மெய்ப் பகுப்பாய்வும் (ரியல் அனாலிசிஸ்) குலங்கள் (குரூப்) என்ற அமைப்புகளைப் பற்றிய இயற்கணிதமும் தொடங்கியதும் நிரூபிப்பதே முழு வேலையாகிவிடுகிறது. இடமாற்றத்தில் வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். என் மகள் தனக்குக் கூடுதலாக விழுந்த ஆண்டில் அந்தப் பாடத்தைப் படித்தாள். தொகுத்தறிதல் முறையையும் முரண்பாட்டு நிரூபணத்தையும் அங்கேதான் முதன்முதலில் முழு வாக்கியங்களாக எழுதிப் பழகினாள். பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்து வீட்டுப்பாடம் வந்த இரவு, அலமாரியிலிருந்து அவள் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பழைய நோட்டைத்தான்.