டாம்பா பேயும் பாஸ்டனும் இறுதியில் மோத முடியாது

அண்ணா, அடுத்த சீசன் ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-இன் கோப்பை) இறுதியில் டாம்பா பேயும் பாஸ்டனும் மோதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்கவே வழியில்லை. இரண்டுமே கிழக்குப் பிரிவு அணிகள். இறுதிக்குக் கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்றுதான் வரும். சிங்கப்பூரில் செங்காங்கில் ஆடும் ஹாக்கியை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம், லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடிக்கும் அணி எப்படியும் இறுதிக்கு வந்துவிடும் என்று நினைப்பதும் சரியில்லை. 2018-19இல் டாம்பா பே 82 லீக் ஆட்டங்களில் 62 வென்றது. அதற்குப் பின் வரும் கோப்பைத் தொடர்களின் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் தொடரை 4-0 என்று இழந்து வெளியேறியது! 2022-23இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டும் சாதனை. அந்த அணியும் முதல் சுற்றில் 3-1 என முன்னிலை பெற்று, புளோரிடாவிடம் தொடரையே இழந்தது. கிழக்கில் கடைசி ஆளாகத் தகுதி பெற்ற அதே புளோரிடா இறுதிவரை போய் வேகாஸிடம் தோற்றது.

காரணம் இருக்கிறது. இறுதிக்கு வர மூன்று தொடர்களை வெல்ல வேண்டும், ஒவ்வொன்றிலும் நான்கு வெற்றி. ஒரு கோல்கீப்பர் இரண்டு வாரம் அசராமல் நின்றால் போதும், 82 ஆட்டக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

புளோரிடாவும் எட்மன்டனும் 2024, 2025 என அடுத்தடுத்து இறுதியில் மோதின, உண்மைதான். ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு. உங்கள் கணிப்பிலும் ஒரு மேற்கு அணியைச் சேர்த்துத் திருத்திப் போடுங்கள் அண்ணா.