ஃப்ளோ டைவர்ட்டர் வைத்த அன்றே அனியூரிசம் அடைந்துவிடாது
மூளை ரத்தக்குழாயில் எவ்வளவு பெரிய அனியூரிசம் (குழாய்ச் சுவர் பை போல வீங்குவது) இருந்தாலும் ஃப்ளோ டைவர்ட்டர் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) வைத்த அன்றே அது அடைந்துவிடும், அப்புறம் ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் மாத்திரையே வேண்டாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள், இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உள்ளதைத்தான் ராட்சத அனியூரிசம் என்கிறார்கள். அந்தப் பைக்குள் வெறும் காயிலை (மெல்லிய உலோகக் கம்பிச் சுருள்) மட்டும் வைத்து அடைத்தால் நாளடைவில் அது அமுங்கி மறுபடி ரத்தம் புகுவது அடிக்கடி நடக்கும், அதனால்தான் இந்த வலைக்குழாய்க்கு இவ்வளவு வரவேற்பு. இது ரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும், வீங்கிய பைக்குள் ரத்தம் மெல்ல உறையும், முழுசாக அடைய மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். அதுவரை பை வெடிக்கும் அபாயமும் முழுசாகப் போய்விடாது. வலைமேல் ரத்தம் கட்டி பக்கவாதம் வராமலிருக்கத்தான் பெரும்பாலும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துத் தருகிறார்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை, மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.